தேவாலயத் தொழில்நுட்ப மேலாண்மை (சென்னை)

சபையார் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, பாடல் திரை, நேரலை ஆகியவற்றுக்கான மென்பொருளையும் கருவிகளையும் தேர்ந்து பராமரிக்கும் பணி. 2020 மார்ச் ஊரடங்கில் வழிபாடு யூடியூபுக்கு நகர்ந்தபோது இதன் தேவை பெருகியது.

தமிழ்ச் சபைகளின் தனிச்சிக்கல் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பாடல்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. பாடல் தொகுப்பையும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே திரை மென்பொருள் வாங்குவது நல்லது. அடுத்த சிக்கல் ஒலி: சாந்தோம் பேராலயம் போன்ற உயர்கூரைக் கட்டடங்களில் எதிரொலி அதிகம். அங்கே ஒலியின் அளவைவிட ஒலிபெருக்கி நோக்கும் திசையே முக்கியம். கடலோர உப்புக்காற்று கருவிகளின் இணைப்பான்களை அரிக்கும்.

வெளிநாட்டு நன்கொடையை, அதற்கான சட்டத்தின் 2020 திருத்தப்படி, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் மட்டுமே பெறலாம். கணக்கு மென்பொருள் அதைத் தனியே காட்ட வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கோருகிறது. எனவே ஞாயிறு பள்ளிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிரும் வழக்கத்தைச் சபைகள் உடனே கைவிட வேண்டும்.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினாலும் மூலத் தாளேடுகளை அழிக்கக் கூடாது.