மருந்தின் பெயர் யாருக்குச் சொந்தம்?

விற்பனைக்கு வரும் எந்த மருந்துக்கும் மூன்று பெயர்கள் உண்டு. மூலக்கூற்றின் அமைப்பை விபரிக்கும் இரசாயனப் பெயர் முதலாவது. ஆய்வுகூடத்துக்கு வெளியே அது அதிகம் புழங்குவதில்லை. உலகெங்கும் மருத்துவர்களும் மருந்தாளர்களும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பெயர் இரண்டாவது. உற்பத்தி செய்யும் கம்பனி தனக்கெனப் பதிவு செய்துகொள்ளும் வர்த்தகப் பெயர் மூன்றாவது. முதலிரண்டும் உலகத்தின் பொதுச்சொத்து. மூன்றாவது தனியுடைமை. மக்களின் நாவில் எந்தப் பெயர் நிலைக்கிறது என்பதில் மருந்தின் விலையும் தங்கியிருக்கின்றது. ஆதலால் மருந்துப் பெயர்களின் வரலாற்றை வெறும் சொல்லாராய்ச்சியாக நான் கருதுவதில்லை.

ஜேர்மனியின் பேயர் கம்பனி 1899 இல் அசிற்றைல்சலிசிலிக் அமிலத்துக்கு 'அஸ்பிரின்' என்ற பெயரைப் பதிவு செய்தது. முதலாம் உலகப்போரில் ஜேர்மனி தோற்றதையடுத்து பிரிட்டனிலும் பிரான்ஸிலும் அப்பெயரின் மீதான தனியுரிமையைப் பேயர் இழந்தது. அமெரிக்காவிலோ, பொதுமக்களைப் பொறுத்தவரை அஸ்பிரின் என்பது மருந்தின் பெயரேயன்றி ஒரு கம்பனியின் அடையாளம் அல்ல என்று 1921 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடாவில் அது இன்றும் பேயரின் வர்த்தகக் குறியாகவே உள்ளது. ரொறன்ரோவில் வாழும் எம்மவர் மற்றைய கம்பனிகளின் அதே மாத்திரையை வேறு பெயரிலேயே வாங்குகின்றனர்.

இக்குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று உலக சுகாதார மாநாடு 1950 இல் தீர்மானித்தது. சர்வதேசப் பொதுப்பெயர்களின் முதலாவது பட்டியல் 1953 இல் வெளியாயிற்று. தமிழிலக்கணம் பயின்றவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். விகுதியைக் கொண்டு வினைமுற்றின் திணை, பால், எண், இடங்களை நாம் அறிவதைப் போல, பெயரின் ஈற்றைக் கொண்டு மருந்தின் குடும்பத்தை அறியலாம். அமொக்சிசிலின், அம்பிசிலின் என்று 'சிலின்' என முடிபவை பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அற்றெனோலோல், புரொப்பிரனோலோல் என்பன இதயத்துடிப்பைத் தணிப்பவை. ஒமெப்பிரசோல் போல 'பிரசோல்' என முடிபவை இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைப்பவை. வர்த்தகப் பெயர் இத்தகைய செய்தி எதனையும் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்துக்கு உகந்த ஓசை இருந்தால் அதற்குப் போதுமானது.

பொதுப்பெயரின் அரசியலை ஆழமாக உணர்ந்தவர்களுள் ஒருவர் எமது நாட்டவர். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரான சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்ரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேயே அதன் முதல் தலைவர். ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் இறக்குமதியான நிலை மாற்றப்பட்டு, தனியார் துறைக்கான சுமார் 2,100 மருந்துகள் 600 அளவாகக் குறைக்கப்பட்டன.

அவரது தர்க்கம் மிக எளிமையானது. வர்த்தகப் பெயரைச் சொல்லி மருந்து கேட்டால் அதனை விற்பதற்கு ஒரேயொரு கம்பனிதான் உண்டு. பொதுப்பெயரைச் சொல்லி உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரினால் பல நாட்டுத் தொழிற்சாலைகள் போட்டியிடும். விலை தானாகவே இறங்கும். பல்தேசியக் கம்பனிகளும் மருத்துவர்களில் ஒரு சாராரும் இதனை எதிர்த்தனர். மலிவான மருந்தின் தரத்துக்கு யார் உத்தரவாதம் என்பது அவர்களது கேள்வி. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பொதுப்பெயர் சந்தையைத் திறந்துவிடும். தரத்தைப் பரிசோதனைக்கூடம்தான் உறுதிசெய்ய வேண்டும். அதனை வலுப்படுத்துவது அரசின் கடமை.

1977 இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரத்துடன் வர்த்தகப் பெயர்களும் திரும்பி வந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இங்கே கைநழுவிய கொள்கையை 1982 இல் பங்களாதேஷ் தனது மருந்துச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறுவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உயிரியல் தொழில்நுட்பம் இந்தப் பெயரிலக்கணத்தையே திணறச் செய்துள்ளது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்று வழங்கப்படும் பிறபொருளெதிரி மருந்துகள் 'மப்' என்ற ஈற்றைப் பெற்றன. அதற்கு முன்னுள்ள அசை, மருந்தின் பிறப்பையும் சொல்லிற்று. ரிற்றுக்சிமப் என்பதிலுள்ள 'க்சி', அது எலியினதும் மனிதனதும் புரதப் பகுதிகள் இணைந்த கலப்பு என்பதைக் குறித்தது. டிராஸ்ருசுமப் என்பதிலுள்ள 'சு', பெரும்பகுதி மனிதத் தன்மையாக்கப்பட்டது என்பதைக் குறித்தது. பிறப்பைச் சொல்லும் இவ்வசைகள் 2017 முதல் புதிய பெயர்களில் கைவிடப்பட்டன. பெயர்கள் பெருகி ஒன்றையொன்று ஒத்தொலிக்கத் தொடங்கியதால், 2021 இல் புதிய மருந்துகளுக்கு 'மப்' ஈறும் நிறுத்தப்பட்டு நான்கு புதிய ஈறுகள் வகுக்கப்பட்டன.

இவையெல்லாம் நிபுணர்களின் விவகாரம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அருகியபோது, இங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மருந்துப் பட்டியல்கள் பறந்தன. வர்த்தகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுபடும். நாம் பனடோல் என்பதை வட அமெரிக்காவில் ரைலனோல் என்பர். பொதுப்பெயரிலும் அங்கே ஒரு விதிவிலக்கு உண்டு: பரசிற்றமோலை அவர்கள் அசிற்றமினோபென் என்கின்றனர். ஒரே இரசாயனப் பெயரின் வெவ்வேறு எழுத்துகளைப் பொறுக்கி அமைத்த இரு சொற்கள் அவை, மருந்து ஒன்றே.

தினமும் உட்கொள்ளும் மாத்திரையின் பொதுப்பெயரை ஒவ்வொரு நோயாளியும் அறிந்திருக்க வேண்டும். வைத்தியரிடம் அதனை எழுதித் தருமாறு கேட்பதில் தயக்கம் தேவையில்லை. வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களது மருந்துகளின் பொதுப்பெயர்களை ஒரு தாளில் எழுதி வைப்பது நன்று. பெட்டியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அந்தச் சொல்லே எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லாதது. அது நம் அனைவருக்கும் சொந்தம்.