குங்குமப்பூப் புள்ளியும் தீவனப் பதிவேடும்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப்களுக்காக ஒரு கையேடு எழுதினார். வெள்ளாட்டு இறைச்சி செம்மறி இறைச்சியென்று விலைபோகாதிருக்க அதன்மேல் குங்குமப்பூவால் புள்ளியிட வேண்டும். கடைசித் துண்டு விற்கும்வரை வாலை அகற்றக்கூடாது. ரொட்டி சுடுவோரின் பெயரும் கடை இருக்குமிடமும் முஹ்தஸிபின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

குங்குமப்பூ அன்றும் மலிவான சரக்கன்று. ஆயினும் அறுப்பவரும் உண்பவரும் ஒரே நகரத்தவராய் இருந்தவரை அந்தப் புள்ளியே போதுமானதாயிருந்தது.

ஆனால் கோழி தின்றுவிட்ட தீவனத்துக்கு எப்படிப் புள்ளியிடுவது? 1999 ஜனவரியில் பெல்ஜியத்தில், தீவனத்துக்காகச் சேகரிக்கப்பட்ட பழைய கொழுப்பில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் கலந்தது. ஏறத்தாழ 50 கிலோ பிசிபி. அதிலிருந்த டையாக்சின் ஒரு கிராம் அளவே. அந்தக் கொழுப்பு 500 டன் தீவனத்தில் சேர்ந்து 2,500க்கும் மேற்பட்ட பண்ணைகளை அடைந்தது. கோழிகள் நோயுற்றன, முட்டைகள் பொரிக்கவில்லை. காரணம் டையாக்சின் என்று ஏப்ரல் இறுதியில் உறுதியாயிற்று. மக்கள் அறிந்ததோ மே இறுதியில். கெட்டதை மட்டும் பிரித்தெடுக்க வழியின்றி, நாடெங்கும் கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. மாசற்ற தீவனமிட்ட பண்ணையாளரும் சேர்ந்தே நட்டப்பட்டார். வேளாண், சுகாதார அமைச்சர்கள் இருவரும் பதவி விலகினர். ஜூன் மாதத் தேர்தலில் ஆளுங்கூட்டணி தோற்றது.

இதற்கு முன்பே பைத்தியப் பசு நோயால் கலங்கியிருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2002இல் பொது உணவுச் சட்டத்தை இயற்றியது. அதன் 18ஆம் விதி 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவோ தீவனமோ விற்பவர், யாரிடம் வாங்கினார், எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தார் என்று காட்ட வேண்டும். முன்னே ஒரு படி, பின்னே ஒரு படி, அவ்வளவுதான்.

உள்ளே வந்த மூட்டை எந்த மூட்டையாகி வெளியே போயிற்று என்பதை இணைத்து எழுதுமாறு விதி கட்டாயப்படுத்தவில்லை. அதற்குத் தனித்தனித் தொகுதியாக அரைக்க வேண்டும், கலங்களைத் தனியே வைக்க வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும். பேராலை இச்செலவை ஆயிரக்கணக்கான டன்களில் பரப்பிவிடும். சிற்றாலைக்கு அது இயலாது. முஹ்தஸிபுக்கு பைத்துல்மாலிலிருந்து ஊதியம் வழங்கலாம் என்றார் இமாம் மாவர்தீ. ஊருக்காகச் செய்யும் காவலின் செலவில் ஊருக்கும் பங்குண்டு என்பதே சரியெனத் தோன்றுகிறது. இன்றோ அச்செலவைத் தவிர்த்த சிற்றாலைக்காரர், ஒரு மூட்டை கெட்டதென்று தெரிந்தால், எது நல்லதெனக் காட்ட முடியாமல் அனைத்தையும் திரும்பப் பெற நேர்கிறது.