அச்சமும் இரக்கமும்: மன்னார்க் கத்தோலிக்கப் பிரசங்க மரபில் நரகம்

நரகத்தைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியப் பிரசங்க மேடைகளை வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. குருமார் பல நூற்றாண்டுகளாக அவியாத நெருப்பைக் காட்டி மக்களை அச்சுறுத்தினர் என்றும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னர் அப்பேச்சு ஓய்ந்தது என்றும் அவ்வரலாறு கூறும். மன்னார்த் தீவுக்கும் அதற்கு எதிரேயுள்ள மாதோட்டக் கரைக்கும் இக்கூற்று முழுவதும் பொருந்துவதில்லை. இங்கே பக்தியின் அடித்தளம் குருமார் நிலையாக இல்லாத ஒரு நீண்ட காலத்தில் இடப்பட்டது. குரு இல்லாத இடத்தில் நரக அச்சத்தால் ஆகக்கூடிய காரியம், கத்தோலிக்க இறையியலின்படியே, மிகக் குறைவு.

தொடக்கத்திலேயே இவ்வூர்க் கிறிஸ்தவத்தில் நரகத்துக்கு முன்பாக மரணம் வந்து நின்றது. 1544ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். இதனைப் போர்த்துக்கேயர் பக்கம் சாய்வதாகக் கண்ட யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளாக நினைவுகூரப்படும் அவர்கள் கற்றிருக்கக்கூடியது சவேரியார் மனப்பாடமாகப் பயிற்றுவித்த விசுவாச மந்திரமும் கற்பனைகளும் சில செபங்களுமே. அதே சவேரியாரிடம் பின்னர் ஜப்பானியர், திருமுழுக்கின்றி இறந்த தம் முன்னோருக்கு நரகத்திலிருந்து மீட்பே இல்லையா என்று கேட்டு அழுததை அவரது 1552ஆம் ஆண்டுக் கடிதம் தெரிவிக்கிறது. முன்னோரை வழிபட்டு வாழ்ந்த மன்னார்க் கரையோர மக்களுக்கும் அக்கேள்வி அந்நியமானதன்று. அதற்குத் திருச்சபை ஓரளவு தெளிவான விடையை 1964ஆம் ஆண்டில்தான் அளித்தது: தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, மனச்சான்றின்படி நடப்பவரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் மறைவாக இலங்கை வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த குருமாரும் ஊர் ஊராகச் சென்றனர். ஆயினும் ஓர் ஊருக்கு ஒரு குரு வந்து போனபின் மறுமுறை வரும்வரை அங்குள்ள மூப்பரும் அண்ணாவியாருமே வழிபாட்டை நடத்தினர். திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் வகுத்த ஒரு வேறுபாடு இச்சூழலில் பெரும் பொருள் பெறுகிறது. பாவத்துக்காகக் கொள்ளும் மனத்துயர் இருவகைப்படும். கடவுள்மீது கொண்ட அன்பினால் எழுவது நிறைவான மனஸ்தாபம். நரகத்துக்கு அஞ்சியோ பாவத்தின் இழிவை எண்ணியோ எழுவது குறைவான மனஸ்தாபம். முன்னது, பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தை உள்ளடக்கியிருப்பின், குருவை அடையுமுன்னரே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும். பின்னது நல்லதே எனினும், குரு அளிக்கும் பாவமன்னிப்பின்றித் தன்னளவில் நிறைவு பெறாது. ஆகவே குரு வராத கடற்கரை ஊரில் சாகக் கிடப்பவனுக்கு நரகத்தை வருணிப்பது அவனை அச்சத்தில் விட்டுச்செல்வதாகவே முடியும். அன்பின் கண்ணீருக்கு அவனை இட்டுச்செல்வதே அவனுக்குப் பயன்படும்.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இத்தேவைக்கு இயைந்து நிற்பதைக் காணலாம். தவக்காலத்தில் வாசிக்கவும் இராகத்தோடு ஓதவும்பட்டு வந்த இந்நூல் கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்போர் கண்முன் நிறுத்துவது. அதனை ஓதக் குருப்பட்டம் தேவையில்லை. பேசாலையில் உருவங்களைக் கொண்டு நிகழ்த்தப்படும் ‘உடக்குப் பாஸ்’ என்னும் திருப்பாடுகளின் காட்சியும் இம்மரபைச் சேர்ந்ததே. ஒப்பாரியைத் தம் இயல்பான துயர்மொழியாகக் கொண்ட மக்கள், செத்தவனுக்காக அழுவதுபோல் கிறிஸ்துவுக்காக அழுதனர். அவ்வழுகையில் தம் பாவமே அவரைக் கொன்றது என்ற உணர்வும் கலந்திருந்தது. கொன்சால்வெஸ் இந்த இறையியல் வேறுபாட்டை எண்ணியே நூலை அமைத்தார் என்பதற்கில்லை. ஆனால் அவர் நூல் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் குருவற்ற நிலை ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு.

நரகப் பிரசங்கம் தன் முழு வலிமையோடு வந்தது குருமார் நிலையாகத் தங்கத் தொடங்கிய பின்னரே எனலாம். 1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபையினர், தம் சபையின் தனிப்பணியான மக்கள் தியானங்களைக் கொண்டுவந்தனர். சாவு, நடுத்தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கு கடைசிக் காரியங்கள் அத்தகைய தியானங்களின் வழமையான பொருள்கள். பிரசங்க மேடைக்குப் பக்கத்திலேயே பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்ததால், மேடையில் எழுப்பிய அச்சத்துக்கு அங்கேயே வழியும் இருந்தது. சபையை நிறுவிய புனித எவுஜீன் தெ மசெனோ, பாவமன்னிப்பை எளிதில் வழங்காத கடும்போக்கினரை விடுத்து, இரக்கம் மிகுந்த புனித அல்போன்ஸ் லிகோரியின் அறநெறியையே பின்பற்றினார் என்பதையும் மறக்கலாகாது. அச்சுறுத்தல் மட்டும் நினைவில் நின்று, மன்னிப்பு மறக்கப்பட்டிருப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

வத்திக்கான் சங்கத்துக்குப் பின் மேடைகளில் நரகம் அருகியது. எனினும் போதனை மாறவில்லை. 1992இன் மறைக்கல்வி ஏடு நரகம் உண்டு, அது நித்தியமானது என்றே சொல்கிறது. கடவுள் எவரையும் அதற்கென முன்குறிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1999இல் இரண்டாம் ஜோன் போல் பாப்பரசர் அதனை ஓர் இடமாக அன்றி, கடவுளைத் தாமே விட்டு விலகியோரின் நிலையாக விளக்கினார். பாத்திமா காட்சியைத் தொடர்ந்து செபமாலையில் சேர்ந்த சிறு செபமோ, நரக நெருப்பிலிருந்து காக்கும்படி வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. மேடை கைவிட்டதை வீடு வைத்திருப்பது சமய வரலாற்றில் புதிதன்று.

இலங்கையின் உள்நாட்டுப் போர் இப்பொருளை வேறொரு கோணத்தில் மீண்டும் எழுப்பியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச அதிகாரிகளின் புள்ளிவிவரங்களையே கொண்டு, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று எடுத்துக்காட்டினார். இத்தகைய கேள்விக்கு உலக மன்றம் விடை தராதபோது, இறுதித் தீர்ப்பு என்பது பயமுறுத்தும் கதையாக இருப்பதை விட்டு, பாதிக்கப்பட்டோரின் கோரிக்கை அழியாமல் நிற்கும் இடமாகிறது. பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007இல் வெளியிட்ட ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலில் நித்திய வாழ்வை நம்புவதற்கான முதன்மைக் காரணமாக நீதியின் கேள்வியையே முன்வைத்தார். கொடியவனும் அவனால் வதைபட்டவனும் ஒன்றும் நடவாததுபோல் ஒரே பந்தியில் அமர முடியாது என்பதே அவர் வாதம். நரகத்தை முற்றாக மௌனத்தில் விடும் பிரசங்கம், இரக்கம் என்ற பெயரில், இந்த வாதத்தையும் சேர்த்தே கைவிட்டுவிடுகிறது.

இதில் பழிவாங்கும் ஆவலுக்கு இடம் கொடுக்கத் திருச்சபையின் நடைமுறையே தடையாக உள்ளது. பலரைப் பெயர் சொல்லிப் புனிதர் என அறிவித்த திருச்சபை, யூதாஸ் உட்பட எவரையும் நரகத்தில் இருப்பவராக அறிவித்ததில்லை. குற்றவாளிக்கும் மனந்திரும்புதலின் வாசல் சாவுவரை திறந்தே இருக்கிறது. ஆனால் மனந்திரும்புதலோடு செய்த தீங்குக்கு ஈடுசெய்யும் கடமையும் வருகிறது என்பது கத்தோலிக்க அறநெறியின் பழைய விதி. அவ்விதியைப் பின்பற்றினால், காணாமலாக்கப்பட்ட ஒருவர் என்னவானார் என்பதை அறிந்தும் அவரது தாய்க்குச் சொல்லாதிருப்பவரின் பாவம் நடந்து முடிந்த பாவமன்று, அது நாள்தோறும் தொடர்வது. வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த மக்களிடையே நரகத்தைப் பற்றிப் பேச முற்படும் குருவுக்கு, நெருப்பின் வருணனையைவிட இந்த ஈடுசெய்யும் கடமையே கடினமான, தவிர்க்கவியலாத பொருளாக அமைகிறது.