முதுகுக்குப் பின்னால் ஒரு டிவி

ஒன்றரை அடி.

ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். 18 அங்குலம். 1953-க்கு முன்னால் அமெரிக்க நெடுந்தூர லாரிகளில் டிரைவர் படுக்க அரசாங்க விதி கேட்ட குறைந்தபட்ச அகலம் அவ்வளவுதான். உயரமும் அதே 18 அங்குலம். நீளம் மட்டும் போனால் போகிறதென்று ஆறடி. புரண்டு படுத்தால் தோள் இடிக்கும். டிரைவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர், சவப்பெட்டி.

1953-ல் அது 21 அங்குலமானது. 1975 அக்டோபரில் 24. கிட்டத்தட்ட இருபத்து மூன்று வருடம் காத்திருந்ததற்கு மூன்று அங்குலம் லாபம்!

இந்தப் பெட்டிக்குள் டிவி வைப்பதா? படுக்கையில் ஒன்று மனிதன் இருக்கலாம், அல்லது டிவி இருக்கலாம்.

இத்தனைக்கும் தூக்கிப் போகிற டிவி அப்போதே வந்தாயிற்று. 1959-ல் ஃபில்கோ கம்பெனி பாட்டரியில் ஓடும் சஃபாரி டிவியை விற்றது. திரை இரண்டே அங்குலம், லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும். 1960-ல் சோனியின் எட்டு அங்குல டிவி. ஆக, டிவி தயார். லாரியில்தான் இடமில்லை.

ஏன் இல்லை? கஞ்சத்தனமா? இல்லை, கணக்கு. அந்நாளில் லாரியின் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் உச்சவரம்பு வைத்திருந்தன. முன்னால் கேபின், பின்னால் சரக்கு டிரெய்லர், இரண்டும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். டிரைவருக்கு ஒரு அடி கூடக் கொடுத்தால் சரக்கில் ஒரு அடி போச்சு. சரக்குக்கு வாடகை உண்டு. டிரைவரின் தூக்கத்துக்கு யார் வாடகை தருவார்கள்? எனவே அவரை எஞ்சினுக்கு மேலேயே தூக்கி உட்காரவைத்தார்கள். மூக்கில்லாத தட்டையான முகத்தோடு லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் கேபின் மேலே வளர்ந்தது. 1976-ல் கென்வொர்த் கம்பெனி கூரையை உயர்த்திய படுக்கை கேபின் ஒன்றைக் கொண்டுவந்தது. டிரைவர் எழுந்து நிற்கலாம். பிறகு ஒரு சட்டம். 1982 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1983 ஜனவரியில் ரீகன் கையெழுத்துப் போட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் இனி மொத்த நீளத்தை அளக்காதே, டிரெய்லரை மட்டும் அள.

அவ்வளவுதான். கேபின் எவ்வளவு நீண்டாலும் சரக்கில் ஒரு அங்குலம்கூடக் குறையாது. லாரிகளுக்கு மறுபடியும் மூக்கு முளைத்தது. சீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி அறையே வந்துவிட்டது. மேலும் கீழுமாகப் படுக்கை, அலமாரி, சின்ன ஃபிரிட்ஜ். அப்புறமென்ன, அலமாரியில் ஒரு டிவி.

சரி, கடைக்குப் போய் ஒன்று வாங்கி வைத்துவிடலாமா? அங்கேதான் ரோதனை ஆரம்பம்.

முதலில் கரண்ட். அமெரிக்க லாரிக்குள் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. (ஐரோப்பிய லாரியென்றால் 24. மாற்றிச் சொருகினால் டிவி புகையும்.) ஆகவே 12 வோல்ட்டிலேயே ஓடும் டிவி வாங்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவே ஒரு இன்வெர்ட்டர். பழைய 13 அங்குல குழாய் டிவி சுமார் 60 வாட் தின்னும். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். பத்து மணிநேரம் ஓடினால் 50 ஆம்பியர்-மணி. காலையில் சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வண்டி கிளம்பாது. சரக்கு போய்ச் சேராது. பாட்டரி இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கு என்று அனுபவஸ்தர்கள் அடித்துக்கொள்வது இதனால்தான்.

எஞ்சினை ஓடவிட்டே பார்க்கலாமே? பார்க்கலாம். சும்மா நிற்கும் எஞ்சின் மணிக்கு சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும். கலிபோர்னியாவில் 2008 முதல், படுக்கை லாரியானாலும் ஐந்து நிமிடத்துக்குமேல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் அபராதம்.

இந்தத் தலைவலியில் காசு பார்க்க ஒரு கம்பெனி கிளம்பியது. 2000-ல் தொடங்கிய ஐடில்ஏர். லாரி நிறுத்தங்களில் தலைக்குமேல் குழாய் அமைத்து, ஜன்னல் வழியாக ஏசி, டிவி, இன்டர்நெட் எல்லாம் உள்ளே அனுப்பும். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஐடியா பிரமாதம், ஐந்தொகைதான் உதைத்தது. 2008-ல் திவால் மனு போட்டார்கள்.

அடுத்து சிக்னல். கேபின் ஓர் உலோக டப்பா. உள்ளே வைக்கும் ஆன்டெனாவால் பெரிய பிரயோஜனமில்லை, வெளியே மாட்டவேண்டும். ஊருக்கு ஊர் சேனல்களைப் புதிதாகத் தேடவேண்டும். டிஷ் வைத்தால்? சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதால் டிஷ் தெற்குப் பார்க்கவேண்டும். பின்னால் பதின்மூன்றரை அடி உயர டிரெய்லர் மறைக்கும். எனவே வண்டியின் முகத்தைத் தெற்கே திருப்பி நிறுத்துவது உத்தமம். லாரிக்கும் வாஸ்து!

2009 ஜூன் 12. அமெரிக்காவின் பெரிய டிவி நிலையங்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. அன்று ராத்திரி, கன்வெர்ட்டர் இல்லாத குட்டி டிவிகள் புள்ளிபுள்ளியாகக் காட்டி ஓய்ந்தன. நல்லவேளை, தட்டைத் திரைகள் வந்துவிட்டிருந்தன. பாதி கரண்ட்கூட வேண்டாம், சுவரோடு ஒட்டி நிற்கும்.

ஆனால் எந்தச் சுவர்? இதுதான் கடைசிக் கேள்வி, முக்கியமான கேள்வியும்கூட.

வெறுமனே அலமாரியில் வைத்துவிட முடியாது. திடீர் பிரேக் போட்டால் டிவி பறந்துவந்து டிரைவரின் பின்மண்டையைப் பதம் பார்க்கும். நாலு போல்ட் போட்டு, பூட்டுகிற கையில் மாட்டவேண்டும். எங்கே? அதை டிரைவர் தீர்மானிக்க முடியாது. மத்திய விதி எண் 393.88 தீர்மானித்துவிட்டது. டிரைவர் இருக்கும் அதே கேபினில் டிவி இருந்தால், அது அவர் சீட்டின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும். ஓட்டும்போது அவர் கண்ணில் படக்கூடாது. சீட்டைவிட்டு எழாமல் அவரால் அதை இயக்க முடியக்கூடாது.

நாலே வரி. அதற்குள் மொத்தத் தொழிலும் அடங்கிவிட்டது. முன்னால் பார்த்தால் சாலை, பின்னால் திரும்பினால் வீடு. இரண்டும் கலக்கக்கூடாது.

வீடு என்பது மிகையில்லை. 2004 ஜனவரியில் வந்த விதிப்படி 11 மணிநேரம் ஓட்டினால் 10 மணிநேரம் ஓய்வு. வாரக் கணக்கு தீர்ந்தால், புதுக்கணக்குத் தொடங்கத் தொடர்ந்து 34 மணிநேரம் நிற்கவேண்டும். ஏதோ ஊர், ஏதோ சிமென்ட் தரை, நூறு லாரிகளுக்கு நடுவே ஒரு லாரி. பெரும்பாலானவர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். நிற்கிற லாரிக்குப் பைசா கிடையாது. பெண்டாட்டி பிள்ளைகள் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். எத்தனை நேரம்தான் தூங்குவது? அந்த 34 மணிநேரத்தில் மனிதக் குரல் கேட்க ஒரு வஸ்து வேண்டாமா?

அதற்குத்தான் அந்த டிவி. அது சொகுசு அல்ல.

இன்று அந்தத் திரையும் சுருங்கிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. செல்போனை மாட்ட போல்ட் வேண்டாம், வாஸ்து வேண்டாம். சீட்டைவிட்டு எழவும் வேண்டாம். லாரி டிரைவர்கள் ஓட்டும்போது அதைக் கையில் எடுக்கக்கூடாது என்று 2012 ஜனவரியில் தடை வந்தது. டிவியையாவது நாலு போல்ட் போட்டு முதுகுக்குப் பின்னால் நிறுத்த முடிந்தது. இதை எங்கே நிறுத்துவது?

சும்மா லாரி டிரைவரை மட்டும் பார்க்காதீர்கள். கார் ஓட்டும்போது உங்கள் போன் எங்கே இருக்கிறது?