வெடிக்கு மிரளாத குதிரையும் ஆரல்வாய்மொழிச் சுவரும்

திருவிதாங்கூரின் தென்கோடியான நாஞ்சில் நாட்டுப் போர்க்கதைகளில் வீரமும் துரோகமும் நிறைய உண்டு. லாயச் செலவுக்கு மட்டும் இடமில்லை. 18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் குதிரைப்படையைப் பெரிதாக வளர்க்காமல் கல்லிலும் பீரங்கியிலும் பணத்தைக் கொட்டியது ஏன் என்பதற்கு அந்தச் செலவிலேயே விடை இருக்கிறது. வெடிச்சத்தத்துக்கு மிரளாத குதிரைகளை நூற்றுக்கணக்கில் பழக்கி வைத்திருப்பது இந்த மண்ணுக்குக் கட்டுபடியாகாத வேலை.

குதிரை ஓடித் தப்பிக்கும் விலங்கு. அதட்டியோ அடித்தோ துப்பாக்கிக்குப் பழக்க முடியாது. சத்தத்தோடு அடியும் சேர்ந்தால் பயம் இரட்டிப்பாகும். பழக்கும் முறை வேறு: கொள்ளு தின்னும் நேரத்தில் தொலைவில் ஒரு வெடி, அருகில் ஏற்கெனவே பழகிய மூத்த குதிரை ஒன்று. அது அசையாமல் நிற்பதைப் பார்த்துப் புதியதும் அடங்கும். நாளாக ஆகத் தொலைவைக் குறைக்க வேண்டும். பிறகு சேணத்தில் இருந்தபடியே, காதுகளுக்கு நடுவே நீட்டாமல் பக்கவாட்டில் சுட வேண்டும். இத்தனைக்கும் வெடிமருந்து செலவாகும். பழகிய குதிரை செத்தால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து.

அந்தச் சாவுதான் இங்கே பெரிய சிக்கல். பக்கத்துக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய 13ஆம் நூற்றாண்டிலேயே, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் பாண்டிய நாட்டில் அவை மடிந்துபோவதை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். நாஞ்சில் நாடோ நெல்வயலும் குளமும் ஈரக்காற்றும் நிறைந்த ஊர். மேய்ச்சல் வெளி குறைவு. வெளியிலிருந்து வந்த குதிரைவீரர்களை அது கண்டதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகிலன் என்பவன் குதிரைப்படையோடு புகுந்த கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது; 1740ஐ ஒட்டி ஆற்காட்டுச் சந்தா சாகிப்பின் ஆட்கள் வந்தார்கள். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயைத் தன் தளபதியாக்கிக்கொண்டு உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். அங்கே பீரங்கிகள் வார்க்கப்பட்டன. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து அரண் எழுந்தது. கடலோரத்தில் வட்டக்கோட்டை உறுதிபெற்றது. பாயும் குதிரையை நிறுத்த இன்னொரு குதிரை தேவையில்லை, அகழியும் மதிலும் போதும் என்பதே அந்தத் திட்டம்.

கோயில் தூண்களில் குதிரைவீரர்கள் இருக்கிறார்களே, சாமி குதிரை வாகனத்தில் வருகிறாரே என்று கேட்கலாம். அவை குதிரையின் மதிப்பைக் காட்டுகின்றன, எண்ணிக்கையை அல்ல. எளிதில் கிடைக்காத ஒன்றுக்குத்தான் இவ்வளவு மதிப்பு. இன்று அமெரிக்காவில் குதிரைமேல் விரைந்தபடி வெற்றுத்தோட்டாவால் பலூனை உடைப்பது பொழுதுபோக்கு விளையாட்டு, அது அன்று மட்டும் முடியாதா என்பது வலுவான கேள்வி. முடியும்தான். ஆனால் அங்கே ஒருவர் தன் ஒரு குதிரையை, காதில் பஞ்சடைத்துக்கூட, நிதானமாகப் பழக்குகிறார். படைக்கு நூற்றுக்கணக்கான குதிரைகள் ஒரே நேரத்தில், எதிரியின் குண்டுக்கு முன்னால், அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கும் பழக்குநரும் லாடக்காரரும் தீவனக் கிடங்கும் வேண்டும். மைசூர் அதைச் செய்தது. அப்படியிருந்தும் 1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையில் மைசூர் மன்னர் திப்புவின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மதிலை உடைக்க அவருக்குப் பீரங்கிதான் உதவியது.

1809 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்ததே, அப்படியானால் சுவரை நம்பியது பிழைதானே என்று வாதிடலாம். அங்கே கம்பெனிப் படையின் மேஜர் வெல்ஷின் ஆட்கள் இருட்டில் மலைப்பாறையைக் கால்நடையாக ஏறித்தான் அரணுக்குள் புகுந்தார்கள். குதிரை வரக்கூடிய வழியை அடைத்தவர்கள், மனிதன் ஏறக்கூடிய பாறைக்குப் போதிய காவல் வைக்கவில்லை. வெடிக்குப் பழகிய ஆயிரம் குதிரைகள் அடிவாரத்தில் நின்றிருந்தாலும் அந்த இரவு அவற்றால் எதுவும் செய்திருக்க முடியாது. குதிரைப்படை வளர்க்காததைத் திருவிதாங்கூரின் குறையாக எண்ணுவது, அந்த அரசு தன் நிலத்தையும் கருவூலத்தையும் அறிந்து எடுத்த முடிவைத் தவறாகப் படிப்பதாகும்.