அலிஸின் விண்ணப்பம்: பார்மசி படித்து ஆய்வுக்குப் போன ஒருத்தியின் கதை

பார்மசி படித்து முடிக்கப்போகிற ஆக்களிடம் "அடுத்தது என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, அரச நியமனம் வரும்வரை எங்கேயாவது மருந்தகத்தில் நிற்கிறது. மற்றது, "வெளிநாட்டில மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு அப்ளை பண்ணப்போறன்." இரண்டாவது பதிலைச் சொன்னவர்களின் அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். பெறுபேற்றுப் பத்திரம், ஆங்கிலப் பரீட்சை, பரிந்துரைக் கடிதம் தருவதற்கு மூன்று விரிவுரையாளர்கள், ஏன் இந்த ஆய்வு என்று எழுதும் இரண்டு பக்கம், முன்பின் தெரியாத பேராசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்கள், அதில் பாதிக்குப் பதிலே வராது.

இந்தச் சடங்குகள் எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. பார்மசியில் ஆய்வுப்பட்டம் என்ற ஒன்றே நூற்றிச் சொச்சம் வருசம் பழையதுதான். அந்தக் கதவு புதிதாகத் திறந்திருந்த காலத்தில் அதற்குள் நுழைந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை இது. அவரின் பெயர் அலிஸ் ஓகஸ்டா போல்.

அலிஸுக்குப் போக முதல் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருந்தாளர் ஆவதற்குக் கடையில் நின்று பழகவேண்டும். முதலாளிக்குக் கீழே சில வருசம் உரலும் உலக்கையுமாக நின்று, இரவில் விரிவுரைக்குப் போய், பட்டம் எடுப்பது. 1868இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பிரெஸ்கொட் என்பவர் இதைத் தலைகீழாக மாற்றினார். கடையில் பழகத் தேவையில்லை, முழுநேரமாக ஆய்வுகூடத்தில் படியுங்கள் என்றார். 1871இல் அமெரிக்க மருந்தாளர் சங்கத்தின் கூட்டத்துக்கு அவர் பிரதிநிதியாகப் போனபோது, உங்களுடையது முறையான பார்மசிக் கல்லூரியே இல்லை என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். கடையில் நிற்காதவனுக்கு என்ன பட்டம் என்பதுதான் அவர்களின் கேள்வி. அதே பிரெஸ்கொட் பிறகு அதே சங்கத்துக்குத் தலைவராக வந்தது வேறு கதை.

அடுத்த அடியை வைத்தவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் கிரெமர்ஸ். ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் எடுத்துக்கொண்டு திரும்பியவர். 1892இல் நான்கு வருடப் பார்மசிப் பட்டப்படிப்பைத் தொடங்கினார். 1902இல் அவரின் துறையிலிருந்து மருந்து இரசாயனவியலில் ஒரு கலாநிதிப் பட்டம் வெளிவந்தது. மருந்து விற்கிற தொழிலுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். இப்போதும் எங்களின் வீடுகளில் இருக்கிறார்கள்.

அலிஸ் 1892 யூலை 24இல் சியாற்றில் நகரில் பிறந்தார். தகப்பன் சட்டத்தரணி, பத்திரிகை ஆசிரியர். தாத்தா ஜேம்ஸ் பிரெஸ்லி போல் பெயர்பெற்ற ஒரு புகைப்படக் கலைஞர். புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே அதைத் தொழிலாக எடுத்த கறுப்பின அமெரிக்கர்களில் ஒருவர். அவரின் உடல்நலத்துக்காகக் குடும்பம் கொஞ்சக் காலம் ஹவாயில் போய் இருந்தது, அவர் இறந்தபிறகு சியாற்றிலுக்குத் திரும்பியது. படமும் கழுவும் இரசாயனங்களும் புழங்கிய வீட்டில் வளர்ந்ததால்தான் அலிஸுக்கு இரசாயனவியல் பிடித்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகான ஊகம், அவ்வளவுதான்.

வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1912இல் மருந்து இரசாயனவியலிலும் 1914இல் பார்மசியிலும் இரண்டு பட்டங்கள் எடுத்தார். அதே 1914இல் தன்னுடைய ஆசிரியர் வில்லியம் டேனுடன் சேர்ந்து அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் ஆய்விதழில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டார். 22 வயசு. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அந்த இதழில் வருவது எவ்வளவு அரிது என்பதை விளக்கத் தேவையில்லை.

இப்ப அவரின் விண்ணப்பக் கோப்பை யோசித்துப் பாருங்கள். ஜிஆர்ஈ பரீட்சை அப்போது பிறக்கவே இல்லை, அது 1930களில் வந்தது. அலிஸின் கையில் இருந்தவை இரண்டு பட்டங்கள், அச்சான ஒரு கட்டுரை, அதில் கூடப் பெயர் போட்ட ஓர் ஆசிரியர். இன்றைக்கும் ஒரு விண்ணப்பத்தில் கனமான பகுதி இதுதான். புள்ளி எவ்வளவு என்பதைவிட, இந்தப் பிள்ளை ஆய்வுகூடத்தில் தனியாக ஒரு வேலையைத் தொடங்கி முடிக்குமா என்பதற்கான சான்று. எங்கள் பிள்ளைகள் கனபேர் இறுதியாண்டு ஆய்வை ஏதோ ஒப்படை மாதிரி கொடுத்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை.

அலிஸுக்கு இரண்டு இடத்திலிருந்து புலமைப்பரிசில் வந்தது. (எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அஞ்சாம் ஆண்டுதான் ஞாபகம் வரும்.) ஒன்று பேர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம். மற்றது ஹவாய்க் கல்லூரி. பேர்க்லி பெரிய பெயர். ஹவாய்க் கல்லூரி 1907இல்தான் தொடங்கப்பட்ட சின்ன இடம், பல்கலைக்கழகம் என்ற பெயர்கூட 1920இல்தான் கிடைத்தது. அலிஸ் சின்ன இடத்தைத் தெரிந்தெடுத்தார். எங்கள் வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

அங்கே அவர் எடுத்த ஆய்வுப்பொருள் கவா என்ற செடியின் வேர். பசிபிக் தீவு மக்கள் சடங்குகளில் அதைக் கரைத்துக் குடிப்பார்கள். எங்களின் மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே பைப்பர் சாதியைச் சேர்ந்தது. அதிலிருந்த இரசாயனக் கூறுகளைப் பிரித்தெடுப்பதுதான் அவரின் முதுமாணி ஆய்வு. 1915இல் பட்டம் கிடைத்தது. அந்தக் கல்லூரியில் முதுமாணிப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. அங்கேயே இரசாயனவியல் கற்பிக்கவும் தொடங்கினார்.

அந்த ஆய்வைக் கேள்விப்பட்டுத்தான் டொக்டர் ஹரி ஹொல்மன் அவரைத் தேடி வந்தார். ஹொனலூலுவில் கலிஹி மருத்துவமனையில் தொழுநோயாளரைப் பார்த்த வைத்தியர். ஹவாயில் 1866இலிருந்து தொழுநோய் என்று தெரிந்தவர்களைப் பிடித்து மொலொக்காய்த் தீவின் கலௌபபாவுக்கு அனுப்பிவந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மலை. போனவர்கள் திரும்புவது அபூர்வம். மொத்தமாக ஏறக்குறைய 8,000 பேர், பெரும்பாலும் ஹவாய்ப் பழங்குடிகள். எங்களுக்கும் இது புதினமான கதை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கட்டிய ஹெந்தளைத் தொழுநோய் மருத்துவமனையும், மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவும் அதே யோசனையில் பிறந்தவைதான். நோயைத் தண்ணீருக்கு அங்கால் வைத்துவிட்டால் ஊர் நிம்மதியாய்த் தூங்கும் என்ற யோசனை.

மருந்து என்று கையில் இருந்தது சால்மூக்ரா எண்ணெய் ஒன்றுதான். ஆசியாவில் நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்குப் பாவித்த எண்ணெய். அதே இனத்து மரமொன்றின் விதையைத்தான் எங்களின் சித்த வைத்தியம் நீரடிமுத்து என்கிறது. எண்ணெயில் பலன் இருந்தது, உடம்புக்குள் ஏற்றுவதுதான் பிரச்சினை. குடித்தால் குமட்டி வாந்தி வரும். ஊசியில் ஏற்றினால் பிசின் மாதிரித் தடிப்பான எண்ணெய் தோலுக்குக் கீழே கட்டி கட்டியாக நின்றுவிடும். நோவு தாங்கேலாது.

ஏ.எல் இரசாயனவியல் படித்தவர்களுக்கு அலிஸ் செய்தது உடனே விளங்கும். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்து, எதயில் அற்ககோலுடன் தாக்கமுறச் செய்து, எதயில் எசுத்தர்களாக மாற்றினார். இலகுவாக ஓடும் மெல்லிய திரவம் கிடைத்தது. ஊசியில் ஏற்றலாம், உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். வினாத்தாளில் எசுத்தராக்கல் என்று ஒரு வரியில் எழுதுகிற தாக்கம்தான். ஆனால் ஒன்றையொன்று ஒத்த பல அமிலங்கள் கலந்து கிடந்த எண்ணெயில் அதை ஒழுங்காகச் செய்துகாட்டுவது இலகுவான வேலை இல்லை. அலிஸ் அதை ஏறக்குறைய ஒரு வருசத்துக்குள், பகலில் கற்பித்துக்கொண்டே செய்தார்.

கட்டுரையாக எழுத நேரம் கிடைக்கவில்லை. நோய்ப்பட்டு சியாற்றிலுக்குத் திரும்பி, 1916 டிசம்பர் 31இல் இறந்துபோனார். 24 வயசு. வகுப்பில் செயல்முறை காட்டும்போது குளோரின் வாயுவைச் சுவாசித்ததுதான் காரணம் என்று அன்றைய பத்திரிகை ஒன்று எழுதியது. மரணச் சான்றிதழோ காசநோய் என்கிறது.

கல்லூரியின் தலைவர் ஆர்தர் டீன். அவரும் இரசாயனவியலாளர், அலிஸின் பட்டப்பின் படிப்புக்கு வழிகாட்டியும் அவர்தான். வேலையை அவர் தொடர்ந்தார், பெருமளவில் தயாரிக்கவும் தொடங்கினார். 1920இல் ரிச்சர்ட் ரென்ஷால் என்பவருடன் சேர்ந்து கட்டுரை வந்தது, அலிஸின் கட்டுரை வந்த அதே சங்கத்தின் இதழில். அதில் அலிஸின் பெயர் இல்லை. உலகம் அதை 'டீன் முறை' என்றது. கலிஹி மருத்துவமனையிலிருந்து 78 நோயாளர்கள் விடுவிக்கப்பட்டு வீடு போனார்கள். அந்த மருந்து நோயை முற்றாக மாற்றியதா என்பது பிறகு கேள்விக்குள்ளானது. ஆனாலும் 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை உலகின் பல நாடுகளில் கொடுத்தது இந்த ஊசியைத்தான்.

டீனைத் திருடன் என்று ஒரே சொல்லில் சொல்லி முடிக்கிற கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அவர் வேலையைத் தொடர்ந்தது உண்மை, அவரில்லாமல் மருந்து அத்தனை பேரிடம் போயிருக்குமா தெரியாது. ஆனால் கூட வேலைசெய்த, தன் மாணவியின் பெயரை ஓர் அடிக்குறிப்பில் போடுவதற்கு என்ன செலவு? அதைச் செய்தவர் ஹொல்மன். 1922இல் எழுதிய கட்டுரையில், இதைக் கண்டுபிடித்தவர் அலிஸ் என்று வெளிப்படையாக எழுதி, 'போல் முறை' என்றே பெயரும் கொடுத்தார். முதல் முறையைவிட டீன் செய்த மாற்றத்தால் பெரிய நன்மை ஒன்றும் தனக்குத் தெரியவில்லை என்ற கருத்தையும் சேர்த்தார். ஒரு வைத்தியரின் அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் எங்களிடம் இந்தக் கதையே இருந்திராது. அதையும் ஐம்பது வருசம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1970களிலிருந்துதான் கத்ரின் தகாரா, ஸ்டான்லி அலி போன்றவர்கள் பழைய பதிவுகளைக் கிளறத் தொடங்கினார்கள்.

சின்னக் கல்லூரிக்குப் போனது பிழையா? நான் அப்படி நினைக்கவில்லை. பேர்க்லியில் அவருக்குக் கவா வேரும் கிடைத்திராது, ஹொல்மனும் வாசலுக்கு வந்திருக்கமாட்டார். ஆனால் சின்ன இடத்தில் தலைவரும் வழிகாட்டியும் ஒரே ஆள். உங்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை. இப்போது விண்ணப்பிக்கிற ஆக்கள் பல்கலைக்கழகத் தரவரிசையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வழிகாட்டியாக வரப்போகிறவரின் கடைசிப் பத்துக் கட்டுரைகளை எடுத்து, முதல் பெயர் யாருடையது, அந்த மாணவர்கள் இப்போது எங்கே என்று பார்ப்பதற்கு ஒரு பின்னேரம் காணும். முடிந்தால் அவர்களில் ஒருத்தருக்கு எழுதிக் கேளுங்கள். "ஆய்வுகூடத்தை விட்டுப்போன பிறகு வருகிற கட்டுரைகளில் பெயர் போடுவாரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் திகதி போட்டு எழுதுகிற பழக்கமும் அங்கே போய்த்தான் வரவேண்டும் என்று இல்லை. யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு ஆய்வு செய்யும்போதே தொடங்கலாம்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் டீனின் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. அலிஸுக்கு 2000ஆம் ஆண்டில், வளாகத்தில் நிற்கிற சால்மூக்ரா மரத்தடியில் ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். 2007இல் பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை தன்னுடைய பதக்கத்தையும் கொடுத்தது. பலகை வைத்த அன்றைக்கே மாநிலத்தின் துணை ஆளுநர் அந்த நாளை அலிஸ் போல் தினமாக அறிவித்தார். அன்று திகதி பெப்ரவரி 29.