முதல் மின்னேற்றம் என்னும் சம்பிரதாயம்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கரடியூர் போன்ற சேர்வராயன் மலையூர்களின் பிள்ளைகளையும் கருதியே வகுக்கப்பட்டதாயினும், மடிக்கணினி போன இடமெல்லாம் கூடவே போன ஓர் உபதேசத்தை, அதாவது புதுப் பேட்டரிக்கு எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றாமல் திறக்கலாகாது என்பதை, எந்த அரசாணையும் விதித்ததில்லை.

அது வேறொரு காலத்தின் நியாயம். 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பன்முறை செய்த பிறகே அவை மின்னைச் சேமிக்கும் சக்தி பெற்றன. பிற்காலத்தில் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் காப்பி மூட்டை ஏற்றிவந்த லாரிகளுக்கும் அத்தகைய ஈயப் பேட்டரியே ஆதாரம். திராவகமின்றி உலர்ந்து வந்ததைக் கடைக்காரர் நிரப்பி, சிறிய மின்னோட்டத்தில் நெடுநேரம் சார்ஜில் வைத்து, திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் சோதித்த பின்னரே தருவார். அவசரப்பட்டால் தகட்டில் உப்புப் படிந்து இறுகி, பேட்டரியின் ஆயுளே குன்றிவிடும். 1899-இல் யுங்னர் என்பவர் கண்ட நிக்கல்–காட்மியம் கலமும் கடையில் கிடக்கையில் தானே வலுவிழப்பது. ஆதலால் அதற்கும் முதலில் முழுச் சார்ஜ் அவசியமாயிற்று.

1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனிக் கலத்திலோ அந்தக் காரணம் அற்றுப்போயிற்று. முதல் மின்னேற்றம் தொழிற்சாலையிலேயே நடந்து, கரித்தகட்டின்மேல் காப்புப் படலமும் அங்கேயே உருவாகிவிடுகிறது. முழுச் சார்ஜில் நெடுநாள் கிடப்பது இவ்வகைக் கலத்துக்குக் கேடு; மேலும், தனியே விமானச் சரக்காகச் செல்லும் லித்தியம்-அயனிப் பேட்டரியில் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கலாகாதென்று 2016-இல் சர்வதேச விதியும் வந்தது. பெட்டியைத் திறந்ததும் பேட்டரி பாதி காலியாகத் தோன்றுவதற்குக் காரணம் இவையேயன்றி, அது பக்குவப்படாதது அன்று.

சில மடிக்கணினிகளில் மட்டும், சார்ஜரைச் செருகும்வரை பேட்டரி விழிப்படையாதபடி ஏற்பாடு செய்திருப்பார்கள். ஆகவே புது மடிக்கணினி வாங்குவோர் சார்ஜரை ஒருமுறை செருகி, விளக்கு எரிந்தவுடன் வேலையைத் தொடங்கலாம். எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.